பல்லேகலவில் விட்டுவந்த குரல்

ஞாயிறு

வவுனியாவிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீற்றர். காலை பஸ்ஸில் ஜன்னலோர ஆசனம் கிடைத்தது. மதவாச்சி தாண்டும்வரை தூங்கினேன். தம்புள்ளையில் பஸ் நின்றபோது இறங்கி பால் விடாத ஒரு பிளேன்டீயும் இரண்டு உளுந்து வடையும் வாங்கினேன். வடை ஒன்று எண்பது ரூபாய், எண்ணெய் கை நிறைய. நாலந்தைக்குப் பிறகு காற்று மாறியது. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோபுரத்தடியில் பாதிப் பஸ் இறங்கிப் போனது. அக்குறணையில் வழக்கமான வாகன நெரிசல். வீதியின் இருபுறமும் இருந்த கடைப் பலகைகளை மூன்று மொழியிலும் வாசித்து, எதில் பிழை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் அப்படி.

நான் மொழிபெயர்ப்பாளர். கூட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுகிறவரின் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்வேன். இம்முறை என்னை அழைத்தது கொழும்பிலுள்ள ஒரு கணினி நிறுவனம். பல்லேகல கைத்தொழில் பேட்டையில் றப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு அவர்கள் கெமராக்களும் உணர்கருவிகளும் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்யும் பெண்களில் பாதிப்பேர் பன்வில, தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். புதிய கருவிகளை எப்படிப் பாவிப்பது என்று அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. கருவி தமிழில் பேச வேண்டும். அதற்கு என் குரல் தேவை.

"குரல் குடுக்கிறது பெரிய வேலை இல்ல அக்கா. ஒரு நாள் இருந்து வாசிச்சாப் போதும்" என்று நிறுவனத்தின் பொறியியலாளர் நிரோஷன் தொலைபேசியில் சொல்லியிருந்தான். கொழும்புப் பிள்ளை. தமிழ் பேசுவான், எழுத வராது.

கண்டியில் இறங்கியபோது மழை தூறியது. திகன பஸ்ஸில் ஏறி, தென்னக்கும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, குண்டசாலையில் எனக்காக எடுத்திருந்த அறைக்கு வந்து சேர்ந்தேன். மழைக்குப் பிறகு மகாவலி செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கள்

தொழிற்சாலைக்கு முச்சக்கரவண்டியில் போனேன். நானூறு ரூபாய். சாரதி சிங்களவர். பெயர்ப்பலகையைக் கண்டதும், "இங்கே ஆள் எடுக்கிறார்களா?" என்று கேட்டார். தன் மகளுக்கு ஒரு வேலை தேடுகிறாராம். எனக்குத் தெரியாது என்றேன்.

உள்ளே நுழைந்ததும் றப்பர் பால் மணம் மூக்கில் ஏறியது. கையுறை எப்படிச் செய்கிறார்கள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. ஒரு நீண்ட சங்கிலியில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் பீங்கான் கைகள், விரல்களைக் கீழே தொங்கவிட்டபடி நகர்ந்து போகின்றன. றப்பர் பாலில் முங்கி எழுகின்றன. பிறகு சூளைக்குள் போகின்றன. மறுபக்கம் வெளியே வரும்போது, வரிசையாக நிற்கும் ஆட்கள் அந்தப் பீங்கான் கைகளிலிருந்து கையுறைகளைச் சூட்டோடு உரித்தெடுக்கிறார்கள். அந்த உரிக்கும் பகுதியில் ஒரு நிமிடம் நின்றேன். என் மூக்குக்கண்ணாடி ஆவியால் மூடிக்கொண்டது. பெரும்பாலும் இளம் ஆண்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பெண்கள் வேலை செய்தது அடுத்த மண்டபத்தில், பரிசோதனைப் பிரிவில். அங்கே வெயிலும் இல்லை, சூடும் இல்லை. கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதிரை. கையுறையை விரித்துப் பார்த்து, ஓட்டையா, கறையா, மெலிந்த இடமா என்று பிரித்துப் போடுவது வேலை. ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு சிறிய கெமரா. ஆறேழு மாதமாக அந்தக் கெமரா அவர்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் ஒரு பழுதைக் கண்டால் மேசையோரத்துப் பட்டனை அமத்துவார்கள். ஓட்டைக்கு ஒரு பட்டன், கறைக்கு ஒன்று. அப்படியே அதுவும் பழகிக்கொள்ளும்.

முதல் மேசையிலிருந்த பெண்தான் எனக்கு இதை விளக்கினாள். பெயர் ரஞ்சனி. முப்பத்தைந்து வயதிருக்கும். பன்விலவிலிருந்து தினமும் கம்பனி பஸ்ஸில் வருகிறவள். நேர்த்தியான கொண்டை, சிரித்த வாய்.

"நாங்க இதுக்கு மருமகன்னு பேர் வச்சிருக்கோம் மிஸ்" என்று கெமராவைக் காட்டினாள். "வந்த புதுசுல ஒண்ணுந் தெரியாது. எல்லாத்தையும் நாமதான் பக்கத்துல நின்னு காட்டிக் குடுக்கணும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று கைப்பட்டியும் காதுக்கருவியும் கொடுத்தோம். கைப்பட்டி மணிக்கட்டில் இருக்கும். கை எவ்வளவு வேகமாக அசைகிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று அறியும். காதுக்கருவி இயந்திரச் சத்தத்தை அடைத்து, சொல்ல வேண்டியதை மட்டும் காதுக்குள் சொல்லும். சிங்களக் குரல் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. தமிழுக்கு முதலில் ஒரு கணினிக் குரலைப் போட்டுப் பார்த்தார்களாம். அது தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பதுபோல் இருந்ததென்று பெண்கள் சிரித்துச் சிரித்து வேலை கெட்டதாம். அதனால்தான் நான்.

"ஓம், இதை இப்பிடிப் பூட்ட வேணும்" என்று நான் சொல்லும்போதெல்லாம் பின்வரிசையில் யாரோ "ஓம், ஓம்" என்று என் வடக்குப் பேச்சைப் பழித்துக் காட்டினார்கள். ரஞ்சனி திரும்பி அதட்டினாள். அந்தப் பகுதியில் அவள் சொல் எடுபட்டது.

மதியம் சாப்பாட்டு அறையில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுவரில் அவள் புகைப்படம் தொங்கியது. கெமராவுக்குப் பிழையில்லாமல் சொல்லிக்கொடுத்தவர்களில் முதலிடம்.

"நல்லா செய்றவங்கள கெமரா ஒப்பரேட்டரா போடுவாங்கன்னு சொல்லியிருக்காங்க மிஸ். கண்ணாடி ரூம்ல உக்காந்து ஸ்கிரீன பாக்கிற வேல. ஆனா ஸ்கிரீன்ல எல்லாம் இங்கிலீஷ். அந்த சொல்லுங்கள எனக்கு கொஞ்சம் சொல்லித் தாறீங்களா?"

"யார் சொன்னது, ஒப்பரேட்டராப் போடுறதெண்டு?"

"எல்லாரும் சொல்றாங்க. சுப்பவைசரும் சொன்னாரு."

சொல்லித்தருகிறேன் என்றேன். புதன்கிழமை போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள்; தொழிற்சாலைக்கு விடுமுறை. "அப்ப எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள்.

செவ்வாய்

நாள் முழுக்க வாசித்தேன். களஞ்சிய அறை ஒன்றின் சுவர்களில் மெத்தைகளைச் சாத்திவைத்து, நடுவில் ஒரு ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். நிரோஷன் வெளியே கணினியோடு இருந்தான். மெலிந்த பிள்ளை, இரவெல்லாம் வேலை செய்த கண்கள். "அக்கா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி வாசிங்க. அவங்களுக்கு சொந்த அக்கா சொல்ற மாதிரி இருக்கணும்" என்றான்.

"உங்கள் வேகம் குறைந்துள்ளது." "கையுறையை மீண்டும் பாருங்கள்." "நன்று, தொடருங்கள்." "அலுவலகத்துக்கு வாருங்கள்." இப்படிச் சில பக்கங்கள். அவை முடிந்ததும் பொருத்தமே இல்லாத வசனங்கள் வந்தன. பச்சை வாளியில் பாதி தண்ணீர் இருக்கிறது. ஞானம் ஊஞ்சலில் ஏற அஞ்சினான். கிழக்குக் கரையில் மழை வலுத்தது.

"இதெல்லாம் என்னத்துக்குத் தம்பி? தொழிற்சாலையில ஊஞ்சல் எங்க இருக்கு?"

"மெஷினுக்கு எல்லா சத்தமும் வேணும் அக்கா. ழ, ற, ஞ எல்லாம். நீங்க சும்மா வாசிங்க."

சும்மா வாசித்தேன். பின்னேரம் தொண்டை கட்டிவிட்டது. நிரோஷன் இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கித் தந்தான்.

புதன்

போயா என்றபடியால் வீதியெங்கும் வெள்ளை உடுத்தவர்கள். கண்டிக்குப் போய் அங்கிருந்து வத்தேகம பஸ், வத்தேகமவிலிருந்து பன்வில பஸ். தூரம் முப்பது கிலோமீற்றருக்குள்தான் இருக்கும்; ஆனால் மடவளையைத் தாண்டியதும் வீதி ஒடுங்கி வளைந்து வளைந்து ஏறுகிறது, நேரம் பிடிக்கிறது. ரஞ்சனி இதைத் தினமும் போய் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வீட்டிலிருந்து புறப்படும்போது இருட்டாகவே இருக்குமாம்.

பன்வில சந்தியில் குடையோடு நின்றாள். தேயிலைக்கு நடுவே மேடேறி நடந்தோம். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மழை விட்ட செடிகளுக்குள் அட்டை இருக்கும் என்று என் காலைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். அவள் சிரித்தாள்.

"நானும் கொழுந்து பறிச்சவதான் மிஸ். அட்டைக்கும் மழைக்கும் வெறுத்துப்போய்த்தான் இந்த வேலைக்கு எழுதிப்போட்டேன். எங்க லயத்துல இருந்து கார்மெண்ட்டும் இல்லாம தோட்டமும் இல்லாம வேற வேலைக்கி போன மொத ஆளு நான்."

லயம் என்கிற அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில் கடைசி வீடு அவளுடையது. முன்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்டியிருந்தார்கள். கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மாதத்தில் ஒருமுறை வருவார். மகள் தர்ஷினி உயர்தர வகுப்புப் படிக்கிறாள். புத்தகங்களை ஒதுக்கி வைத்துவிட்டு எனக்குக் கதிரை போட்டாள். ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. ரொட்டி சூடாக இருந்தது, சம்பல் கண்ணில் நீர் வரவைத்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அயல் வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஏழு பேர், எல்லோரும் அதே தொழிற்சாலை. ரஞ்சனிதான் ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்ச் சேர்த்தவள். லெட்சுமி என்பவள் வாசற்படியில் உட்கார்ந்தபடி என்னிடம் முறையிட்டாள்.

"இவ கிட்ட வேல செய்றது லேசில்ல மிஸ். நான் பாக்காம ரெண்டு பட்டன அமத்துனா ஓடியாந்துருவா. 'ஒழுங்கா பாத்து அமத்து புள்ள, நீ தப்பா அமத்துனா அது தப்பா படிச்சிரும்'ன்னு ஒரே சண்ட."

"பின்ன?" என்றாள் ரஞ்சனி. "நாம நல்லா செஞ்சாத்தான் நம்மள வச்சிக்குவாங்க. நாளைக்கி நான் ஒப்பரேட்டரா போனா, என் எடத்துக்கு உன்னத்தான் சொல்லப் போறேன்."

லெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

பிறகு பாடம் நடந்தது. ரிஜெக்ட் என்றால் விலக்கு. கன்ஃபர்ம் என்றால் உறுதிசெய். ஓவர்ரைடு என்ற சொல்லில்தான் அவளுக்குச் சந்தேகம். "மெஷின் ஒண்டு சொல்லும், நீங்கள் அது பிழையெண்டு நினைச்சால், அதைத் தள்ளிப்போட்டு உங்கட முடிவைப் போடுறது" என்றேன்.

"அப்ப நாம சொல்றதுதான் கடைசியா?"

"ஓம். அந்தப் பட்டனை அமத்தினால் நீங்கள் சொல்லுறதுதான் கடைசி."

அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தோசைக்கல்லைக் கழுவும்போதும் ஓவர்ரைடு, ஓவர்ரைடு என்று சொல்லிப் பார்த்தாள். மகள் உச்சரிப்பைத் திருத்தினாள். பின்னேர பஸ்ஸுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டபோது, ஒரு பொதியில் தேயிலைத் தூளும் கையில் இரண்டு மாதுளையும் திணித்தாள். கண்டிக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மனம் நிறைவாக இருந்தது. வேலைக்குப் போன ஓர் ஊரில் ஒரு வீட்டுச் சாப்பாடு கிடைப்பது பெரிய விடயம்.

வியாழன்

காலையில் எல்லாப் பெண்களும் காதுக்கருவி மாட்டிக்கொண்டு மேசைகளில் உட்கார்ந்தார்கள். யாருக்காவது விளங்காவிட்டால் சொல்வதற்காக நான் மண்டபத்தின் ஓரத்தில் நின்றேன். என் காதிலும் ஒன்று மாட்டிவிட்டிருந்தார்கள். சற்று நேரத்தில் என் குரல் எனக்கே கேட்டது. "நன்று, தொடருங்கள்." முதலில் கூச்சமாக இருந்தது. பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். லெட்சுமி கையைக் காட்டி, "மிஸ், என்னைய வேகம் பத்தாதுங்கிறீங்களே" என்று கத்தினாள்.

அந்த மாதிரி ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அதன் பிறகு கேட்டது:

"ரஞ்சனி, அலுவலகத்துக்கு வாருங்கள்."

என் குரல்தான். மெதுவாக, அன்பாக, சொந்த அக்கா கூப்பிடுவதுபோல. எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் வாசித்த எதிலும் ரஞ்சனி என்ற பெயர் இல்லை. எந்தப் பெயருமே இல்லை.

ரஞ்சனி எழுந்தாள். மேசையைத் துடைத்தாள். கொண்டையில் ஒரு கிளிப்பைச் சரிசெய்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரியின் தோளில் தட்டிவிட்டுப் போனாள். அவள் என்ன நினைத்தாள் என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன்.

அலுவலகத்தில் மொழிபெயர்க்க என்னையும் அழைத்தார்கள். மனேஜர் நடுவயதுக்காரர், சிங்களத்தில் மட்டும் பேசுபவர். மரியாதையாகக் கதிரையைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"உங்கட வேலைக்கு நன்றி சொல்லுறார். நீங்கள் எல்லாரும் நல்லாச் சொல்லிக்குடுத்ததாலதான் கெமரா நல்லாப் பழகியிருக்காம்." அவள் தலையசைத்தாள். அவர் அடுத்த வசனத்தைச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"இனிப் பரிசோதனைக்கு இவ்வளவு ஆக்கள் தேவையில்லையாம். பத்தொன்பது பேரை அங்கயிருந்து எடுக்கினமாம். நீங்கள் உரிக்கிற பகுதிக்குப் போகலாம். விருப்பமில்லையெண்டால், சட்டப்படி தரவேண்டியதைத் தந்து அனுப்புவினமாம்."

ரஞ்சனி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"ஒப்பரேட்டர் வேல?"

நான் கேட்டேன். அதற்கு டிப்ளோமா முடித்த ஒருவரைக் கண்டியிலிருந்து எடுத்தாயிற்று என்று அவர் சொன்னார். அதையும் தமிழில் சொன்னேன்.

"மிஸ், இது நீங்க சொல்றதா, அவங்க சொல்றதா?"

"அவர் சொல்லுறதைத்தான் நான் சொல்லுறன் ரஞ்சனி."

"கூப்பிட்டது நீங்கதானே. உங்க சத்தம்தானே கேட்டிச்சி."

மனேஜர், என்ன கேட்கிறாள் என்று சிங்களத்தில் விசாரித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வசனத்தை மொழிபெயர்க்காமல் விட்டேன். ஒன்றுமில்லை என்றேன்.

அவள் எழுந்து போனபின் அடுத்த பெயர் கேட்டது. "லெட்சுமி, அலுவலகத்துக்கு வாருங்கள்." பத்தொன்பது பெயர்களையும் என் குரல் கூப்பிட்டது. மூன்றாவது நான்காவது பெயருக்குப் பிறகு மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தவர்களுக்கு, கைப்பட்டி அதிர்ந்து மறுபடி மாட்டச் சொன்னது. சிலர் அழுதார்கள். ஒருத்தி தெல்தோட்டைக்குப் போகிற பஸ் பின்னேரம்வரை இல்லையே, அதுவரை எங்கே இருப்பது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு மனேஜரிடம் பதில் இருந்தது: பின்னேரம்வரை மேசையில் இருந்து வேலை செய்யலாம்.

மதியம் நிரோஷனைக் களஞ்சிய அறையில் பிடித்தேன். மெத்தைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நான் அந்தப் பேரெல்லாம் சொல்லவேயில்லையே தம்பி."

"தெரியும் அக்கா. நீங்க வாசிச்சதெல்லாம் வச்சி அது உங்க குரலை படிச்சிட்டுது. இப்ப டைப் பண்ணினாப் போதும், எதையும் உங்க குரல்ல சொல்லும். அதுக்குத்தான் அந்த ஊஞ்சல் வசனமெல்லாம்."

"எனக்கு நீ இதைச் சொல்லேல்ல."

"நீங்க கையெழுத்து வச்சதுல இருக்கு அக்கா." கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "ஆக்களைக் குறைக்கப் போறாங்க எண்டு எனக்கும் நேத்துத்தான் சொன்னாங்க. உண்மையா."

"என்ர குரலை எடுத்துப்போடு."

"என்ட கையில இல்ல அக்கா. இனி அது அவங்கட."

அவன் பொய் சொல்கிறான் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்படுவதற்கு அங்கே ஒரு முழு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. முச்சக்கரவண்டி ஒன்றும் இல்லை. பன்விலவுக்குப் போகும் கம்பனி பஸ்ஸில் குண்டசாலைவரை ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். ரஞ்சனி முன்பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அவள் பக்கத்து ஆசனம் காலியாக இருந்தும் இரண்டு பேர் நின்றார்கள்.

பஸ் வளைவில் திரும்பும்போது லெட்சுமியின் குரல் வந்தது. "ஒழுங்கா அமத்துங்க, ஒழுங்கா அமத்துங்கன்னு கத்துனியே. இப்ப என்னா கெடச்சிச்சி? நான் கண்ண மூடிக்கிட்டு அமத்தியிருக்கணும்."

யாரும் அவளை அடக்கவில்லை. ரஞ்சனி திரும்பவுமில்லை. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது; வெளியே எதுவும் தெரியாது, ஆனாலும் அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரஞ்சனி, எனக்கு உண்மையாத் தெரியாது" என்று தொடங்கினேன்.

"மிஸ், கோவிச்சிக்காதீங்க." மிக மெதுவாகச் சொன்னாள். "கொஞ்சம் பேசாம இருங்க. உங்க சத்தத்த கேக்க ஏலாம இருக்கு."

குண்டசாலைவரை பேசாமல் இருந்தேன். இறங்கும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

வெள்ளி

என் வேலை முடிந்துவிட்டது என்று நிரோஷன் காலையில் அழைத்துச் சொன்னான். இனி மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. சொல்ல வேண்டியதைக் கருவியே சொல்லிக்கொள்ளும். கண்டிக்கு வந்து, வவுனியா பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வாவிக் கரையில் சற்று நடந்தேன். வெள்ளைக்காரப் பயணிகள் தலதா மாளிகைப் பக்கமாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மலைகள் மிகவும் அழகாக இருந்தன. பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

இறக்கத்தில் போகும் பயணம் எப்போதும் விரைவாக முடிந்துவிடுகிறது. தம்புள்ளைக்குப் பிறகு வெக்கை வந்து ஜன்னலில் மோதியது. மதவாச்சியில் ஏறிய பெண்கள் கூட்டம் என் ஊர்ப் பேச்சில் சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தது. அவர்கள் மதவாச்சியிலுள்ள தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர்கள். மேற்பார்வையாளரின் கத்தலைப் பற்றி ஒருத்தி நடித்துக் காட்ட, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே இன்னும் மனிதன்தான் கத்துகிறான். அவனைப் பழித்துக் காட்டலாம், அவனோடு சண்டைபிடிக்கலாம், அவன் பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் ஒருவேளை அவன் கத்தாமலும் விடலாம். எவ்வளவு காலத்துக்கு என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சில நாட்களின் பின் கைத்தொலைபேசிக்கு ஒரு குரற்செய்தி வந்தது. பின்னால் பஸ் இரைச்சல்.

"மிஸ், நான் ரஞ்சனி பேசுறேன். உரிக்கிற எடத்துக்குத்தான் போறோம், நானும் லெட்சுமியும் இன்னும் நாலு பேரும். மத்தவங்க வேலய விட்டு நின்னுட்டாங்க. தர்ஷினி படிப்பு முடியிற வரைக்கும் நான் நிக்க ஏலாதே. அன்னைக்கி அப்புடி பேசிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க. மிஸ், ஒரு ஒதவி. அங்க சூடு தாங்க முடியல. தண்ணி குடிக்கப் போனா கைப்பட்டி அடிக்குது, ஒடனே நீங்க வேகம் பத்தாதுங்கிறீங்க. நீங்கன்னா, அதுதான். அந்த தம்பிகிட்ட சொல்லி, தண்ணி குடிச்சிட்டு வாங்கன்னு ஒரு வசனம் போடச் சொல்லுங்களேன். நாங்களா போனா சுப்பவைசர் ஏசுவாரு. காதுல உங்க சத்தம் சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அன்றே நிரோஷனுக்கு அழைத்தேன். அந்த வேலையை ஒப்படைத்துவிட்டோம், தொழிற்சாலைதான் கேட்க வேண்டும் என்றான். தொழிற்சாலைக்குச் சிங்களத்தில் எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தேன், மனேஜர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மறுபடி நிரோஷனுக்கு அழைத்தேன். "அக்கா, அவங்க கேக்கிற முதல் கேள்வி, ஒரு தரம் தண்ணி குடிச்சிட்டு வர எவ்வளவு நேரம் போகும் எண்டுதான்" என்றான்.

கேட்கட்டும், சொல்லலாம் என்றேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அழைத்துக்கொண்டிருக்கிறேன். நான் பல்லேகலவுக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை; அந்த வசனத்தை வாசிக்கக்கூடத் தேவையில்லை. என் குரல் அங்கேயே இருக்கிறது, எதைக் கொடுத்தாலும் சொல்லும். யாராவது ஒருவர் அதைத் தட்டச்சு செய்தால் போதும். அந்த ஒருவர்தான் இன்னும் கிடைக்கவில்லை.